புதுப்பிப்பு: ஜாங்கோவில் (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) குரூப்பில் சேர்த்தும் அனுமதி கிடைக்காத சிக்கல்

முன்பு கேட்டது இதுதான்: பயனரை ‘எடிட்டர்’ குரூப்பில் சேர்த்த பிறகும், அனுமதி உண்டா என்று சோதிக்கும் ஹேஸ்_பெர்ம் ‘இல்லை’ என்றே சொல்கிறது, ஏன்?

காரணம் பிடிபட்டுவிட்டது. முதல் சோதனையிலேயே அனுமதிப் பட்டியல் அந்த யூசர் ஆப்ஜெக்ட்டில் கேஷ் ஆகிவிடுகிறது (தற்காலிகமாகச் சேமிக்கப்படுகிறது). அதன்பின் குரூப்பை மாற்றினாலும் பழைய பதில்தான். அதே ஆப்ஜெக்ட்டின் விவரங்களை டேட்டாபேஸிலிருந்து மறுபடி ஏற்றும் ரெஃப்ரெஷ்_ஃப்ரம்_டிபி போட்டாலும் அந்த கேஷ் அழியாது. டேட்டாபேஸிலிருந்து யூசரைப் புதிதாக எடுத்தே ஆகவேண்டும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் யூசர் புதிதாக வருவதால், பெரும்பாலும் டெஸ்ட்டிலும் ஷெல்லிலும்தான் (கட்டளைகளை நேரடியாக இயக்கும் இடம்) இதில் மாட்டிக்கொள்வோம்.

இன்னொன்று, ஹேஸ்_பெர்மில் அனுமதியின் பெயரை ‘சேஞ்ச்_போஸ்ட்’ என்று மட்டும் கொடுத்தால் போதாது. ஆப் பெயரோடு ‘பிளாக்.சேஞ்ச்_போஸ்ட்’ என்றிருக்க வேண்டும். விட்டுப்போனால் எரர் வராது, மறுப்பு மட்டுமே வரும், கண்டுபிடிப்பது கஷ்டம். தயவுசெய்து எல்லா அனுமதிகளும் உள்ள சூப்பர்யூசரை வைத்துச் சோதிக்காதீர்கள்: எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றே பதில் வரும், பிழை வெளியே தெரியாது.