புதுப்பிப்பு: கொல்லையிலேயே வரவேற்பு வைத்தாயிற்று

தங்கையின் கல்யாண வரவேற்பை மண்டபம் எடுக்காமல் செங்கல்பட்டு வீட்டுக் கொல்லையில் வைக்கலாமா, ஆவணி மழைக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தேன் அல்லவா? நல்லபடியாக நடந்தது.

சாமியானா வேண்டாம், தகரப் பந்தல் போடுங்கள் என்றவர்களுக்குப் பெரிய கும்பிடு. 7 மணிக்கு இடியோடு கொட்டியது. இலையில் ஒரு சொட்டு விழவில்லை. சத்தம்தான் தாங்கவில்லை, நாதஸ்வரக்காரர் சிரித்துக்கொண்டே வாசிப்பை நிறுத்திவிட்டார். மழை விட்டதும் ஈசல். பந்தியில் வெள்ளை விளக்குகளை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு மட்டும் வைத்தோம், தெருவாசலில் ஒரு வெள்ளை விளக்கு. ஈசல் பெரும்பாலும் அங்கே போய்விட்டது.

70 பேர், பந்திக்கு 25 இலை, சரியாக இருந்தது. மொய் நோட்டு வைக்காததில் பெரியப்பாவுக்குத்தான் வருத்தம். கவரை மாப்பிள்ளையின் சட்டைப் பையில் செருகிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.