கிளைமேட் நியூட்ரல் வேதித்தொழில்: நடுநிலையா, நொதுமலா, சமனா?

அனைவருக்கும் வணக்கம்.

திங்கட்கிழமைக்குள் ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துத் தர வேண்டும், ஒரு சொல்லில் நிற்கிறேன். ஜெர்மனியில் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் பிஏஎஸ்எஃப் என்ற வேதி நிறுவனத்தின் ஆலையில், கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த நாஃப்தா என்ற திரவத்தை 850 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி உடைத்து, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான எத்திலீன் எடுக்கிறார்கள். எரிவாயு எரித்துச் சூடாக்கும் அந்த உலைக்கு மாற்றாக, 2024இல் மின்சாரத்தில் சூடாகும் சோதனை உலைகளைத் தொடங்கினார்கள். கட்டுரை முழுக்க 'கிளைமேட் நியூட்ரல்' வருகிறது, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுக்களை விடுவதும் திரும்ப எடுப்பதும் சரிசமமாக இருப்பது. 'காலநிலை நடுநிலை' என்று எழுதிப் பார்த்தேன். வேதியியலில் நடுநிலையாக்கல் என்றாலே அமிலமும் காரமும்தானே, அமிலமும் இல்லாமல் காரமும் இல்லாமல் நிற்கும் அளவான பிஹெச் 7ஐ அல்லவா படிப்பவர் நினைப்பார்?

---

> பிஹெச் 7ஐ அல்லவா படிப்பவர் நினைப்பார்?

நொதுமல் இருக்கும்போது ஏன் தயக்கம்? திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்துக்கு எழுதிய முன்னுரையில் உரையாசிரியர் பரிமேலழகர் பகை, நொதுமல், நண்பு என்று மூன்றாகப் பிரிக்கிறார். பகையும் இல்லை, நட்பும் இல்லை, அதுதான் நியூட்ரல். 'காலநிலை நொதுமல்' என்றே எழுதுங்கள். மின்னஞ்சலும் முதலில் கரடுமுரடாகத்தான் இருந்தது, இப்போது எல்லோரும் சொல்லவில்லையா?

---

ஐயா, நான் பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். நொதுமல் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் நொதித்தலோடு சேர்த்துத்தான் படிப்பார்கள், நொதித்தலும் வேதித்தொழிலில் ஒரு முறைதான். பொருளும் இடிக்கிறது. நொதுமலர் என்றால் அயலார், தொடர்பில்லாதவர். ஆலை வளிமண்டலத்துக்கு அயலார் அல்ல. விடுவதும் திரும்ப எடுப்பதும் சரிக்குச் சரியாக வேண்டும் என்பதே பேச்சு. அதே அதிகாரத்தில் துலாக்கோல் 'சமன்செய்து சீர்தூக்கு'கிறது. 'காலநிலைச் சமன்' போதும். 'சமநிலை' வேண்டாம், வேதிச் சமநிலை ஏற்கெனவே அந்த இடத்தில் இருக்கிறது.

அப்புறம், 'டிகார்பனைசேஷன்' வந்தால் தயவுசெய்து 'கரிம நீக்கம்' என்று போட்டுவிடாதீர்கள். மின்சாரத்தைக் காற்றாலையிலிருந்து எடுத்துவிடலாம். எத்திலீனிலோ மூலக்கூறுக்கு இரண்டு கார்பன் அணு, அதை நீக்கினால் பாலித்தீன் ஏது? உலையை மின்சாரத்தில் சூடாக்கினாலும் உள்ளே போவது நாஃப்தாதானே! கார்பன் வேண்டும், அது நிலத்தடி எண்ணெயிலிருந்து வரக்கூடாது, அவ்வளவுதான். பழைய பிளாஸ்டிக்கிலிருந்தோ பயிர்க்கழிவிலிருந்தோ பிடித்து வைத்த கார்பன் டை ஆக்சைடிலிருந்தோ வரட்டும். 'புதைபடிவ விலக்கு' என்று சொல்லலாம்.

---

கரி என்ற சொல் வந்ததால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கரிக்குச் சான்று என்றும் பொருள் உண்டு, குறளிலேயே 'இந்திரனே சாலுங் கரி' என்று வருகிறது. எரிந்ததற்கு எஞ்சி நின்று சாட்சி சொல்வதால் கரி ஆயிற்றோ என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கரிபோக்கு, கரிவரவு என்று இரண்டு சொல் அமைத்தால் இரண்டும் ஒத்துப்போவதைக் 'கரியொப்பு' எனலாமே?

---

காலநிலைக் கணக்கில் மீத்தேனும் வருகிறது, நைட்ரஸ் ஆக்சைடும் வருகிறது. நைட்ரஸ் ஆக்சைடில் கார்பனே கிடையாது. கரியொப்பு அதை எப்படிச் சுமக்கும்?

---

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லை, வேதியியல் ஆசிரியர் பக்கம் போகிறேன்: 'காலநிலைச் சமன்', முதல் இடத்தில் மட்டும் ஒரு வரி விளக்கம். 'புதைபடிவ விலக்கு' அப்படியே போகிறது.

---

சமன் வடசொல். வள்ளுவர் ஆண்டார் என்பதால் வேர் மாறிவிடாது. அடுத்த பதிப்பு வரும்போது நொதுமலை மறுபடி எடுத்து வருவேன்.