வேங்கைப் பலகையும் கீழ்வீட்டுப் பாட்டியும்: மேசைப் பிளேனருக்குச் சுருள் கட்டர் ஹெட் போடலாமா?

மாடிப்பட்டறை, முருகேஷ்பாளையா, பெங்களூரு

வணக்கம். மொட்டை மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு தகரக் கொட்டகை. அதில் 13 அங்குல அகலம்வரை பலகையை இழைத்துச் சமமாக்கும் மேசைப் பிளேனர் ஒன்று இருக்கிறது. மூன்று நேர் பிளேடுகள், நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று தகட்டில் பொறித்திருக்கிறார்கள். தேக்கும் சில்வர் ஓக்கும் இழைத்தவரை எனக்கும் அதற்கும் சண்டை இல்லை. போன மாதம் மைசூரு சாலை டிம்பர் யார்டுக்குப் போய் நான்கு வேங்கைப் பலகைகள் வாங்கிவந்தேன். (இங்கே 'ஹொன்னே' என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.) வினை அங்கே தொடங்கியது.

வேங்கைக்கு நார் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. இரண்டு விரற்கடை வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்த இரண்டு விரற்கடை இடப்பக்கம் சாய்கிறது. எந்த முனையிலிருந்து உள்ளே விட்டாலும் பாதி அகலத்துக்குப் பிளேடு எதிர்நாரில்தான் போகிறது. வெளியே வந்த பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு பட்டை கண்ணாடி, அடுத்த பட்டை பூனை பிறாண்டியது போல. சில குழிகள் அரை மில்லிமீட்டர் ஆழம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பலகை மெலிந்தது, என் கை மஞ்சளானது, குழி அங்கேயே இருக்கிறது.

இரண்டாவது தொல்லை சத்தம். கீழ்வீட்டுப் பாட்டி மதியம் இரண்டிலிருந்து நான்குவரை தூங்குவார். "எச்ஏஎல்லில் விமானம் இறங்குவது எனக்குப் பழகிவிட்டதப்பா, உன் இயந்திரம் மட்டும் பழக மாட்டேன் என்கிறது" என்று படியேறி வந்து சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன்.

நேர் பிளேடு உருளையை எடுத்துவிட்டு, எஃகைவிடக் கடினமான கார்பைடில் செய்த சதுரச் சில்லுகளைச் சுருளாகப் பதித்த உருளையை (கட்டர் ஹெட்) போட்டால் இரண்டு தொல்லையும் தீரும் என்கிறார்கள். ஆனால் அதன் விலை ஏறக்குறைய பிளேனரின் விலை. கப்பல் கூலி, சுங்கவரி தனி. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர் பாதி விலைக்கும் குறைவாக நானே கடைந்து தருகிறேன் என்கிறார். அப்பா தங்கவயலில் 2001இல் சுரங்கம் மூடும்வரை தச்சராக இருந்தவர். அவருடைய இழைப்புளி இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கணக்கைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நீங்கள் சிரிக்காமல் சொல்லுங்கள், வாங்கலாமா, கடையலாமா, விட்டுவிடலாமா?

பழைய ஃபிட்டர், ஜாலஹள்ளி

தம்பி, மற்றதெல்லாம் உங்கள் காசு, உங்கள் விருப்பம். பீன்யா யோசனையை மட்டும் இன்றைக்கே கைவிடுங்கள். முப்பது வருடம் கிரைண்டிங் பிரிவில் நின்றவன் சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். உருளையின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 10,000 சுற்றில் அதன் விளிம்பு மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. 15 மில்லிமீட்டர் சதுரமுள்ள ஒரு கார்பைடு சில்லு சுமார் 7 கிராம் இருக்கும். அந்த வேகத்தில் அது தன்னைப் பிடித்திருக்கும் ஒற்றை ஸ்குரூவை ஏறத்தாழ 20 கிலோ விசையோடு வெளியே இழுக்கும். சில்லு உட்காரும் பள்ளத்தின் சுவர் சரியாக இல்லாவிட்டால் அந்த இழுப்பெல்லாம் ஸ்குரூவின் மரையில்தான். பிடி விட்டால் அது எந்தப் பக்கம் பறக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமநிலையும் அப்படித்தான்: ஒரு பக்கம் ஒரே ஒரு கிராம் கூடினால் நொடிக்கு 160 தடவைக்கு மேல் கிட்டத்தட்ட 3 கிலோ விசை பேரிங்கைக் குத்திக்கொண்டே இருக்கும்.

பீன்யாவில் கெட்டிக்காரர்கள் இல்லை என்று சொல்லவில்லை. உருளையை அவர் அழகாகவே கடைந்துவிடுவார். ஓடும் வேகத்துக்கு ஏற்பச் சமநிலை பார்த்துக் கொடுப்பாரா என்று கேளுங்கள். "அதெல்லாம் ஓடும் சார்" என்றால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள்.

சீவல்

ஒரு மாதம் பொறுங்கள் அண்ணா. பிளேடைச் சாணை பிடியுங்கள், தேக்கில் இருக்கும் சிலிக்கா எஃகு முனையைத் தின்றிருக்கும். ஈரத்துணியால் பலகையை ஒரு துடைப்பு துடைத்து, கால் மில்லிமீட்டர் மட்டும் எடுங்கள். பலகையைக் கொஞ்சம் கோணலாக உள்ளே விடுங்கள். மிச்சம் இருக்கும் குழிக்கு இரும்புச் சுரண்டி. எங்கள் ஊர் ஆசாரி உடைந்த கண்ணாடித் துண்டிலேயே சுரண்டி மினுக்கிவிடுவார். பாட்டிக்கு என்னிடம் மருந்து இல்லை.

நாற்காலிக்காரி, காக்ஸ் டவுன்

சுருள் ஹெட் போட்டு இரண்டு வருடமாக நாற்காலி செய்கிறேன், அதனால் என் கணக்கைச் சொல்கிறேன்.

சத்தம் குறைவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று நேர் பிளேடு 10,000 சுற்றில் நொடிக்கு 500 முறை மரத்தை அறைகிறது, ஒவ்வோர் அறையும் பலகையின் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் விழுகிறது. பாட்டி கேட்கும் அலறல் அதுதான். சுருளில் சின்னச் சின்னச் சில்லுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கிள்ளுகின்றன. ஆனால் மோட்டாரின் கீச்சு அப்படியே இருக்கும், அதுவும் போய்விடும் என்று ஏமாறாதீர்கள்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில்லுகளைச் சுருளாக அடுக்கியிருப்பது வேறு, ஒவ்வொரு சில்லின் விளிம்பும் சற்றுச் சாய்ந்து சீவும்படி வைத்திருப்பது வேறு. முதல் வகை மலிவு. வேங்கைக்கு இரண்டாவதுதான் வேண்டும். உதாரணமாக டிவால்ட் 735 என்ற மேசைப் பிளேனருக்குப் பேர்ட் நிறுவனம் தரும் ஷெலிக்ஸ் என்ற ஹெட் இந்த இரண்டாவது வகை, 40 சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு முனை. மழுங்கினால் கால் சுற்றுத் திருப்பினால் போதும்.

மாட்டும்போது பேரிங்கை உருளைத் தண்டில் ஏற்ற உள்வளையத்தில் மட்டும் தட்டுங்கள், வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் வளையத்தில் தழும்பு போட்டுவிடும். கழற்றும் ஒவ்வொரு கட்டத்தையும் கைபேசியில் படமெடுங்கள். சில்லு உட்காரும் இடத்தைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, கண்ணால் பார்த்து, பிறகு மறுபடியும் துடையுங்கள். ஒரு துகள் அடியில் சிக்கினாலும் இறுக்கும்போது கார்பைடு விரிசல் விடும். உடையாவிட்டால் அந்தச் சில்லு மட்டும் தலை தூக்கிப் பலகை நெடுகக் கோடு இழுக்கும். இறுக்கம் 5.5 நியூட்டன் மீட்டர் பக்கம், தயாரிப்பாளர் எழுதியிருப்பதைப் பாருங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் தொடாதீர்கள்.

இழப்பும் உண்டு. கார்பைடு புது எஃகு பிளேடு அளவுக்குக் கூர் இல்லை, மோட்டார் கூடுதலாகத் திணறும். ஒரு தடவைக்கு எடுக்கும் ஆழத்தைக் குறைத்தே தீர வேண்டும். சுருள் சுருளாய் வரும் சீவலையும் மறந்துவிடுங்கள், இனி அவல் போலத்தான் வரும்.

மாடிப்பட்டறை

நான்கு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீவல் சொன்னபடி செய்ததில் குழி பாதியானது. மீதிப் பாதிக்காக ஆயுத பூஜை போனஸை எடுத்து, சாய்ந்து சீவும் வகையையே வரவழைத்துவிட்டேன். ஃபிட்டர் ஐயா, பீன்யாக்காரர் நீங்கள் சொன்ன வாக்கியத்தையே ஒரு எழுத்து மாறாமல் சொன்னார்.

மாட்ட ஒரு ஞாயிறும் திங்கள் மாலையும் ஆயிற்று. உருளை பெட்டியில் வரும்போதே சில்லுகள் மாட்டித்தான் வந்தன. இருந்தும் ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்கிறேன் என்று கழற்றி மாட்டினேன். பதினேழாவதில் 'டிக்' என்று நகம் முறிவது போல் ஒரு சத்தம். கழற்றினால் மூலையிலிருந்து துளைவரை மயிரிழை விரிசல். பள்ளத்தில் ஒரு மரத்தூள், எள்ளில் பாதி இருக்கும். அக்கா எழுதியதைப் படித்த பிறகும் இது நடந்தது. நல்லவேளை, உதிரியாக ஐந்து சில்லுகள் கொடுத்திருந்தார்கள். ஆழ அளவுகோல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போய்விட்டது. ஒரு துண்டை இழைத்துக் காலிப்பரில் அளந்து முள்ளைத் திருத்தினேன்.

அதே வேங்கை, தடவைக்கு அரை மில்லிமீட்டருக்குள். முடிச்சுப் பக்கம் கடுகளவு ஒரு பிய்ப்பு தவிர வேறு குழி இல்லை. நகத்தைக் குறுக்கே இழுத்தால் மெல்லிய வரி தட்டுகிறது, 120 எண் உப்புத்தாளில் நான்கு இழுப்பில் போய்விட்டது. ஆசைப்பட்டு முழு அகலத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தேன், பிரேக்கர் விழுந்துவிட்டது. பழைய பிளேடில் அதே ஆழம் போயிருக்கிறது.

பாட்டி வந்து கேட்டுவிட்டு, "இப்போது மிக்ஸி அளவுக்கு இருக்கிறது" என்றார். இரண்டிலிருந்து நான்குவரை தடை நீடிக்கிறது.

சாணை பிடித்த பழைய பிளேடுகள் மூன்று, துணியில் எண்ணெய் தடவிச் சுற்றி வைத்திருக்கிறேன். பெங்களூரில் யாருக்காவது வேண்டுமென்றால் ஞாயிறு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். நான்கு மணிக்குப் பிறகு வாருங்கள்.