[கலைச்சொல்] நிறுவல் கையேடு: 'லைட்வெயிட்' பணிச்சூழலுக்கு என்ன சொல்?

குழுவினருக்கு வணக்கம்.

லினக்ஸ் நிறுவல் கையேட்டின் தமிழாக்கம் நாளை மாலை போயாக வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் முரண்டு பிடிக்கிறது. நினைவகம் 2 ஜிபிதான் என்றால் லைட்வெயிட் டெஸ்க்டாப் என்விரான்மென்ட், 8 ஜிபி இருந்தால் ஃபுல்-ஃபீச்சர்டு எதுவும் ஓடும் என்கிறது. டெஸ்க்டாப் என்விரான்மென்டுக்கு, அதாவது சாளரம், பட்டி, கோப்பு மேலாளர் எல்லாம் சேர்ந்த திரைத் தொகுப்புக்கு, 'பணிச்சூழல்' என்று வைத்துவிட்டேன் (மேல்மேசை, பணிமேடைச் சண்டையை மறுபடி கிளப்ப வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன்). அடைமொழி இரண்டும்தான் வேண்டும். தேர்வுப் பட்டியலிலும் வரும் என்பதால் நீளக் கூடாது.

———

இதற்கா மண்டையை உடைப்பது? இலகு பணிச்சூழல், முழுப் பணிச்சூழல். முடிந்தது.

———

> இலகு பணிச்சூழல்

வடமொழி லகுவின் தலையில் இகரம் ஏறி வந்தது இது. தமிழில் இலகுதல் என்றால் ஒளிர்தல். ஒளிரும் சூழலையா நிறுவச் சொல்கிறோம்? 'லேசு'ம் வடசொல்லே.

நம்மிடம் 'நொய்' இருக்கிறது. நொய்ம்மை, கனமின்மை. நொய்து, நொசி, நொறுங்கு எனப் பிடித்துக்கொண்டு போனால் நுண், நுணுகு வரை ஒரே கொடிதான் என்பது என் துணிபு. நொய் + சூழல் = நொய்ச்சூழல்; மெய்ப்பொருள், பொய்ச்சாட்சி போல யகர ஈற்றின் பின் வலி மிகும். எதிர்ச்சொல் திண்சூழல்.

———

புலவர் ஐயா, கரும்பலகையில் நொய்ச்சூழல் என்று எழுதினால் முதல் பெஞ்சே 'நோய்ச்சூழல்' என்று வாசிக்கும். வைரஸ் என்று பயந்து கணினியை அணைத்துவிடுவார்கள்.

———

மென்சூழல், வன்சூழல்? மாட்டே (MATE) என்ற பணிச்சூழல் இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் அது இடைச்சூழல். மூவினமும் ஆயிற்று!

———

அழகுதான் தம்பி. ஆனால் மென்பொருள், வன்பொருள் வந்த அன்றே அந்த அடைகள் இரண்டும் கைமாறிவிட்டன. மென்சூழலை மென்பொருளுக்கான சூழல் என்றுதான் படிப்பார்கள்.

———

> முழுப் பணிச்சூழல்

ஒன்றை முழு என்றால் மற்றது அரைகுறை ஆகிவிடும். எடை குறைந்தது என்கிற எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலில் என்ன குறை? பலகம் உண்டு, துனார் கோப்பு மேலாளர் உண்டு, அமைப்புகளும் உண்டு. ஓப்பன்பாக்ஸை மட்டும் நிறுவிப் பாருங்கள்: வெறுந்திரை, வலச்சொடுக்கினால் ஒரு பட்டி, அவ்வளவுதான். அது சாளரங்களை மட்டும் கையாளும் சாளர மேலாளர், சூழலே அன்று.

கனமும் காலத்தைப் பொறுத்தது. 2011-இல் க்னோம் என்ற பணிச்சூழலின் 3-ஆம் பதிப்பு வந்தபோது, க்னோம் 2-ஐ விடமாட்டோம் என்றவர்கள் பிரித்தெடுத்து வளர்த்ததுதான் மாட்டே. க்னோம் 2 தன் காலத்தில் முழுவசதிச் சூழல். அதன் வாரிசை இன்று எடை குறைந்தவற்றோடு சேர்க்கிறோம்.

எதை நிறுவினாலும் உலாவியில் பத்துக் கீற்று (டேப்) திறந்தால் போதும், சூழல் மிச்சம்பிடித்த சில நூறு எம்பி அங்கேயே கரைந்துவிடும். பீலியே ஆனாலும் மிகுத்து ஏற்றினால் அச்சு இறும் என்பதைப் பள்ளியிலேயே படித்தோமே.

———

அந்தப் பீலியின் இயல்பைத்தான் ஐயா 'நொய்' என்கிறேன்.

———

எல்லாருக்கும் நன்றி. இணக்கம் வராது போலிருக்கிறது. பெரும்பாலோர் சகித்துக்கொள்ளும் 'எடை குறைந்த', 'நிறைவசதி' இரண்டையும் போட்டு அனுப்புகிறேன். 2 ஜிபி வரிக்குக் கீழே உலாவியைப் பற்றி ஓர் அடிக்குறிப்பும் சேர்த்திருக்கிறேன்; மூலத்தில் இல்லாததுதான், இருக்கட்டும்.

———

'எடை குறைந்த' விளக்கமே தவிர கலைச்சொல் அன்று. எல்எக்ஸ்டிஇ என்ற பணிச்சூழலின் முதலெழுத்தே லைட்வெயிட்டின் 'எல்'. அதை விரித்து எழுதும் இடத்தில் என்ன செய்வீர்கள்? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். போகட்டும், மேலே ஒருவர் பேனலைப் 'பலகம்' என்றாரே, பலகை இருக்கப் பலகம் எதற்கு?