பட்டா மாறுதல் விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிப்பு: அவசர உதவி தேவை

கிளுவைவேலி:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவின் பெயருக்குப் பட்டா மாற்றக் கேட்டு இணையவழியில் கொடுத்த விண்ணப்பம் இரண்டாம் முறையும் நிராகரிக்கப்பட்டுவிட்டது. முதல் முறை இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் பதிவு செய்தோம். இரண்டாம் முறை வீட்டிலிருந்து நானே பதிவேற்றினேன். பத்திரம் எங்களிடம் இருக்கிறது, நிலவரியும் கட்டி வருகிறோம். அம்மாவுக்கு 66 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா இல்லாமல் முடியாது என்கிறார்கள். மூன்றாம் முறை விண்ணப்பித்தால் ஏற்பார்களா? தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை:
சகோதரி, நிராகரிப்புக்குக் காரணமாக ஒரு வரி எழுதியிருப்பார்களே, அது என்ன? கையிலிருப்பது கிரயப் பத்திரமா, செட்டில்மெண்டா, பாகப் பிரிவினையா? எந்த ஆண்டில் பதிவானது? இணையத்தில் இப்போது யார் பெயரில் பட்டா இருக்கிறது? இவை தெரியாமல் யார் என்ன சொன்னாலும் அது ஊகமாகத்தான் இருக்கும்.

மஞ்சள்காடு:
பெயரின் முன்னெழுத்துதான் காரணமாக இருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மொடக்குறிச்சிப் பக்கம் என் பெரியப்பாவுக்குப் பத்திரத்தில் ஓர் எழுத்தும் ஆதாரில் வேறோர் எழுத்தும் இருந்ததால் எட்டு மாதம் அலைந்தோம். முதலில் ஆதாரைத் திருத்திவிட்டு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

பதிவேடு:
இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாக விடையளித்திருக்கிறேன். தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை. பட்டா மாறுதல் என்பது இரண்டு வகை. முழு சர்வே எண்ணும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குச் செல்வது உட்பிரிவு இல்லாத மாறுதல். அது கிராம நிர்வாக அலுவலரின் பரிந்துரையோடு மண்டலத் துணை வட்டாட்சியரிடம் முடிந்துவிடும். நிலத்தில் ஒரு பகுதி மட்டும் கைமாறியிருந்தால் நில அளவர் அளந்து உட்பிரிவு செய்ய வேண்டும். இந்த அடிப்படை தெரியாமல் தவறான வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு இணையதளத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது.

கிளுவைவேலி:
மன்னிக்கவும், விவரங்களை விட்டுவிட்டேன். 'எழுதிக் கொடுத்தவர் பட்டாதாரர் அல்ல' என்பதுதான் காரணம். நிலம் வெள்ளகோவிலுக்கும் தாராபுரத்துக்கும் நடுவே இருக்கிறது. என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) 1978-இல் 4 ஏக்கர் 20 சென்ட் கிரயம் வாங்கி, 2006-இல் அம்மாவுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். இணையத்தில் சிட்டாவை எடுத்துப் பார்த்தால், அப்புச்சிக்கு விற்றவரின் பெயரே இன்னும் பட்டாதாரராக இருக்கிறது. அவரும் காலமாகிவிட்டார். நாங்கள் இத்தனை ஆண்டுகளாக இதைப் பார்க்கவே இல்லை.

நொய்யல்கரை:
சிட்டாவில் பரப்பு எவ்வளவு? பத்திரத்தில் உள்ள சர்வே எண்ணும் இணையத்தில் உள்ள எண்ணும் ஒன்றா?

கிளுவைவேலி:
1 ஹெக்டேர் 70 ஏர். எண் வேறாக இருக்கிறது, ஆனால் நான்கு எல்லைகளும் பொருந்துகின்றன.

சங்கிலி:
அம்மணி, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். 4 ஏக்கர் 20 சென்ட் என்பது 1 ஹெக்டேர் 70 ஏர்தான்; ஆகவே உங்கள் நிலத்துக்கு உட்பிரிவு தேவைப்படாது. ஆனால் பட்டாவே விற்றவர் பெயரில் இருப்பதால், எத்தனை முறை இணையத்தில் விண்ணப்பித்தாலும் பயன் இராது.

ஆண்டைக் கவனியுங்கள். கிரயம் 1978. நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், அதாவது எல்லோரும் யூ.டி.ஆர். என்று சொல்லும் வேலை, 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்தது. கிரயமான கையோடு பட்டாவை மாற்றாமல் விட்டவர்களின் நிலங்களில் இந்தப் பிழை மிகுதி. ஊழியர்கள் ஊருக்கு வந்தபோது பத்திரத்தைக் காட்டியவர் பெயர் ஏறியது. காட்ட ஆள் இல்லாத இடத்தில் பழைய கணக்கில் இருந்த பெயரோ நிலத்தில் நின்றவர் பெயரோ எழுதப்பட்டது. அதற்கிடையே 1980-இல் பரம்பரைக் கர்ணம் (ஊர்க் கணக்கர்) முறை ஒழிக்கப்பட்டதால், எந்தக் காடு யாருடையது என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களும் பொறுப்பில் இல்லை. ஒன்று கேட்கிறேன்: அது கொறங்காடா, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் காடா? விற்றவர் கிரயத்துக்குப் பிறகும் அங்கே ஆடு மாடு மேய்த்தாரா?

கிளுவைவேலி:
ஐயா, கொறங்காடுதான். கிளுவை வேலியும் வெள்வேல மரங்களும் இன்றும் இருக்கின்றன. விற்றவரே ஆண்டுக் குத்தகைக்குப் பல வருடம் செம்மறி மேய்த்தார் என்று அம்மா சொல்கிறார். அப்புச்சி அப்போது திருப்பூரில் வேலைக்கு இருந்தார்.

சங்கிலி:
அப்படியானால் நடந்தது ஏறக்குறைய விளங்கிவிட்டது. அளக்க வந்தவர்கள் கண்ணில் பட்டவர் அவர்தான். அந்தப் பெயர் கிராமத்து நிலங்களின் விவரம் உள்ள 'அ' பதிவேட்டில் ஏறி, பின்னாளில் அப்படியே கணினிக்கும் போய்விட்டது.

மஞ்சள்காடு:
இதைத்தான் நான் சொல்ல வருகிறேன். காகிதம் இருந்த காலத்தில் மனிதரிடம் பேசித் திருத்த முடிந்தது. இப்போது திரையில் ஒரு வரி வருகிறது, அதற்கு மறுமொழி சொல்ல எதிரில் ஆளே இல்லை. 66 வயதுப் பெண்மணி யாரிடம் போய்த் தன் கதையைச் சொல்வார்?

பதிவேடு:
உணர்ச்சிவசப்படாதீர்கள். காகிதம் இருந்தபோது இந்தப் பிழை நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடந்தது. இணையத்தில் சிட்டா வந்ததனால்தான் பேத்தி அதைக் கண்டார். கர்நாடகத்தின் பூமி திட்டத்தைப் பாருங்கள். சுமார் 67 இலட்சம் நில உடைமையாளர்களின் 2 கோடிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றி, கையெழுத்துப் பிரதி செல்லாது என்று அறிவித்து, 15 ரூபாய்க்கு நகல் கொடுத்தார்கள். மனு எந்த வரிசையில் வந்ததோ அந்த வரிசையிலேயே எடுக்க வேண்டும் என்று மென்பொருளே கட்டாயப்படுத்தியது.

மஞ்சள்காடு:
தாளவாடியில் எங்கள் உறவினருக்கு எல்லைக்கு அப்பாலும் நிலம் இருப்பதால் பூமியை நானும் அறிவேன். நகல் விரைவாகக் கிடைத்தது உண்மை, அதை மறுக்கவில்லை. ஆனால் நகலில் இருக்கும் பெயர் தவறாக இருந்தால், அந்தத் தவறும் அதே விரைவில் ஊரெங்கும் செல்லும். வங்கிக்காரர் திரையில் உள்ள பெயரை நம்புவாரா, மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டும் 1978-ஆம் ஆண்டுப் பத்திரத்தை நம்புவாரா? கணினியில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு கிராமத்திலும் பட்டாதாரரை அழைத்துப் படித்துக் காட்டியிருந்தால் இந்தப் பெண் இன்று இங்கே எழுத வேண்டியிருக்காது.

நொய்யல்கரை:
இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கேட்டவருக்கு இன்னும் வழி சொல்லப்படவில்லை. சங்கிலி ஐயா, அடுத்து என்ன செய்ய வேண்டும்?

சங்கிலி:
இது இணைய விண்ணப்பத்தால் தீரும் காரியம் அன்று. யூ.டி.ஆர். பிழைத் திருத்தம் கோரி மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனு எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை, இன்றே செய்யுங்கள்: பதிவுத்துறைத் தளத்தில் 1975 முதல் வில்லங்கம் பார்க்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டுக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். விற்றவரின் வாரிசுகள் யாரேனும் அந்தப் பட்டாவை வைத்து விற்கவோ அடமானம் வைக்கவோ செய்திருந்தால் நிலைமை வேறாகிவிடும்.

மனுவோடு மூலப்பத்திரம், செட்டில்மெண்ட், வில்லங்கச் சான்று, யூ.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகல், பிந்தைய 'அ' பதிவேட்டின் நகல், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றே என்று காட்டும் ஒப்பீட்டு விவரம் ஆகியவற்றை இணையுங்கள். அப்புச்சி பத்திரத்தில் கோயம்புத்தூர் மாவட்டம் என்றும், 2006 பத்திரத்தில் ஈரோடு என்றும் இருக்கும். 2009-இல் திருப்பூர் மாவட்டம் பிறந்ததை மனுவில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அது வேறு நிலம் என்று யாராவது குறிப்பு எழுதுவார்கள். நிலவரி ரசீதுகள் யார் பெயரில் இருக்கின்றன என்றும் பாருங்கள். பழைய பட்டாதாரர் பெயரிலேயே நீங்கள் கட்டி வந்திருக்கக் கூடும்.

பதிவேடு:
ஒன்றைச் சேர்க்கிறேன். எதிர்த்தரப்பு உரிமை கோரினால் வருவாய்த்துறை தலையிடாது, உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்வார்கள். பட்டா மட்டுமே உரிமையை உண்டாக்காது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன நிலைப்பாடு. எனவே வாரிசுகளிடம் முதலில் நேரில் பேசுங்கள். அறிவிப்புக் கடிதம் முந்திப் போய்ச் சேர்ந்தால் நல்ல மனிதரும் மிரண்டுபோவார்.

கிளுவைவேலி: (ஐந்து வாரங்களுக்குப் பின்)
நீண்ட நாள் எழுதாததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கத்தில் வேறு பதிவு எதுவும் இல்லை. ரசீதுகள் ஐயா சொன்னபடியே பழைய பெயரில்தான் இருந்தன. விற்றவரின் மகனைப் போய்ப் பார்த்தோம். அந்தக் காடு உங்கள் அப்புச்சியுடையதுதான் என்று எழுதிக் கொடுத்து, விசாரணைக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. விசாரணை நாள் இன்னும் வரவில்லை. எல்லோருக்கும் நன்றி.