பழைய பதிப்பில் வரைபடம் திறக்கவில்லை, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

இசிபிங்கோ செல்வி:
வணக்கம். டர்பனைச் சுற்றி இசிபிங்கோவிலிருந்து வெருலம் வரை உள்ள கோயில்கள், தீமிதி நடக்கும் இடங்கள், பழைய கரும்புத் தோட்டக் குடியிருப்புகள் எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் குறித்திருக்கிறேன். குழுவில் இருவருக்கு அனுப்பினேன். அவர்களிடம் இருப்பது பழைய பதிப்பு, திறக்கவில்லையாம். பழைய பதிப்புக்கு ஏற்றபடி சேமிப்பது எப்படி? மெனு முழுவதும் தேடிவிட்டேன். வெள்ளிக்கிழமை கூட்டம். அவசரம்.

சாட்ஸ்வர்த் ரேகா:
எந்த மென்பொருள் அக்கா? ஆர்க்மேப் என்றால் ‘சேவ் எ காப்பி’யில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆர்க்ஜிஐஎஸ் ப்ரோ என்றால் 3-இல் சேமித்ததை 2-இல் திறக்கவே முடியாது.

மரிட்ஸ்பர்க் அளவையர்:
இது லோ 31 கோளாறு, சந்தேகமே இல்லை. 31 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை நடுக்கோடாக வைத்து இடங்களைக் குறிப்பதுதான் லோ 31. நம் தென்னாப்பிரிக்காவின் இந்த லோ முறை மேற்கையும் தெற்கையும் கூட்டல் குறியில் எண்ணுகிறது. அதோடு 1999-க்கு முந்தைய கேப் அளவையும் அதன் இடத்தில் வந்த ஹார்ட்டபீஸ்ட்ஹூக் 94 அளவையும் கலந்துவிட்டால் கோயில்கள் எங்கோ போய் நிற்கும். முதலில் அதைப் பாருங்கள்.

திசைகாட்டி:
திறக்காததற்கும் இடம் மாறி நிற்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள் பதில் எழுதாமல் இருப்பது நல்லது. செல்வி, மென்பொருள் எது, இரு பக்கத்துப் பதிப்பு எண்கள் என்ன, எந்தக் கோப்பை அனுப்பினீர்கள், என்ன பிழைச்செய்தி வந்தது? வைத்தியருக்குத் தொலைபேசியில் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால் அவர் எதற்கு மருந்து கொடுப்பார்? இதை இங்கே எத்தனை முறை எழுதுவது.

இசிபிங்கோ செல்வி:
க்யூஜிஐஎஸ்தான், வேறென்ன. என்னுடையது 3.34. அவர்களுடையது 2.18. அனுப்பியது கோயில்கள்.க்யூஜிஇசட். பிழைச்செய்தி வரவில்லை. கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியிலேயே அது தென்படவில்லையாம்.

ஃபீனிக்ஸ் அண்ணன்:
அந்த ஒரு கோப்பை மட்டுமா அனுப்பினாய், தங்கச்சி? திட்டக் கோப்பில் கோயில் ஒன்றுகூட இருக்காது. எந்த அடுக்கு எந்தக் கோப்புறையில் கிடக்கிறது, அதற்கு என்ன நிறம் என்ற குறிப்புதான் இருக்கும். தரவையும் திட்டத்தையும் ஒரே கோப்புறையில் வை. திட்டப் பண்புகளில் பாதையை ‘ரிலேட்டிவ்’ என்று மாற்றிச் சேமி. தரவு ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் இருந்தால் க்யூஜிஐஎஸ்ஸை மூடிவிட்டு நகலெடு. திறந்திருக்கும்போது பக்கத்தில் ‘-wal’ என்று முடியும் தற்காலிகக் கோப்பு ஒன்று முளைத்திருக்கும். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கலாம்.

திசைகாட்டி:
பாதை பிறகு. க்யூஜிஇசட் என்பது உள்ளே க்யூஜிஎஸ் என்ற திட்டக் கோப்பை வைத்துச் சுருக்கிய ஜிப் கோப்பு. அது வழக்கமான வடிவமானது 3.2-இலிருந்து. 2.18-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிரித்துக் கொடுத்தாலும் 3-இன் திட்டத்தை அது ஒழுங்காகப் படிக்காது. பின்னோக்கிச் சேமிக்கும் கட்டளை க்யூஜிஐஎஸ்ஸில் இல்லை, மெனுவைத் துழாவ வேண்டாம். 2.18-ஐ அழிக்காமலேயே பக்கத்தில் புதியதை நிறுவச் சொல்லுங்கள்.

சாட்ஸ்வர்த் ரேகா:
நிறுவ முடியாவிட்டால் தரவை ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவிலும் நிறங்களை எஸ்எல்டி என்ற பாணிக் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து கொடுக்கலாமே. 2.18 இரண்டையும் படிக்கும்.

ஃபீனிக்ஸ் அண்ணன்:
ஷேப்ஃபைலா! அதில் அட்டவணைப் பத்தியின் பெயருக்கு 10 பைட்தான். யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டில் ‘கோயில்’ என்ற ஒரு சொல்லுக்கே 18 பைட். பாதியில் வெட்டுப்படும். எந்த எழுத்துக் குறியீடு என்று சொல்லும் சிபிஜி கோப்பு தவறிவிட்டால் உள்ளே இருக்கும் தமிழும் கொத்துக்கறிதான். 2.18 ஜியோபேக்கேஜையே படிக்குமே.

சாட்ஸ்வர்த் ரேகா:
பத்தித் தலைப்பு ஆங்கிலத்தில் இருந்தால் என்ன குறைந்துவிடும்? அதைப் பார்க்கப்போவது அந்த இருவர்தானே.

மரிட்ஸ்பர்க் அளவையர்:
தலைப்பில் தொடங்குவது கோயில் பெயரில் வந்து நிற்கும். ஒரு பலகையில் ஆங்கிலத்தில் ‘சூப்ரமோனியர்’, அடுத்த ஊரில் ‘சுப்பிரமணியர்’. தேடினால் பாதி கிடைக்காது. தமிழிலேயே இருக்கட்டும்.

சாட்ஸ்வர்த் ரேகா:
டர்பனில் இந்த வரைபடத்தைப் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் படிக்கிறார்கள் ஐயா? இரண்டு பத்தி வையுங்கள், சண்டை முடியும்.

திசைகாட்டி:
கேட்ட கேள்வி இதுவா?

இசிபிங்கோ செல்வி:
அவர்களுடைய அலுவலகக் கணினி விண்டோஸ் 7. அதைச் சொல்லவில்லையோ.

திசைகாட்டி:
சொல்லவில்லை. அப்படியானால் 3.34 அங்கே ஓடாது. 3.22-உடன் வரும் பைதான் என்ற நிரல்மொழியின் 3.9-ஐயே விண்டோஸ் 7 ஏற்காது. 3.16 போடச் சொல்லுங்கள். உங்கள் திட்டம் அதில் பெரும்பாலும் திறக்கும், பிறகு வந்த வசதிகளைப் பயன்படுத்தியிருந்தால் அவை மட்டும் விடுபடும். நிறுவ நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும், அதை வைத்திருப்பவரை இன்றே பிடியுங்கள். கூட்டத்தில் காட்டினால் போதும் என்றால் பிடிஎஃப்பாக ஏற்றுமதி செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

இசிபிங்கோ செல்வி:
திறந்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

சாட்ஸ்வர்த் ரேகா:
எதைச் செய்தீர்கள் அக்கா? 3.16-ஆ, பிடிஎஃப்பா? எனக்கும் இதே தொல்லை இருக்கிறது.

சாட்ஸ்வர்த் ரேகா:
அக்கா?

மரிட்ஸ்பர்க் அளவையர்:
லோ 31-ஐச் சரிசெய்திருப்பார்கள்.