தட்டின் அடியில் '17ஆம் நூற்றாண்டு' என்று இருக்கிறது, உண்மையிலேயே அவ்வளவு பழசா?

லிஸ்பன்வாசி:
வணக்கம். போன சனிக்கிழமை லிஸ்பன் சாந்தா கிளாரா திடலில் கூடும் ஃபெய்ரா டா லாட்ரா பழம்பொருள் சந்தையில் 40 யூரோவுக்கு ஒரு தட்டு வாங்கினேன். வெள்ளைத் தரையில் நீலமும் மஞ்சளுமாக மான், பறவை, கொடி. குறுக்களவு 28 செ.மீ. அடியில் தூரிகையால் 'கோயிம்ப்ரா, போர்ச்சுகல்', அதன் கீழே 'செக்.' என்று எழுதி ரோமன் எண்ணில் 17. ஓரமாக 'வி.ஏ.' என்று இரண்டெழுத்து. விற்றவர் வயதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானாக 17ஆம் நூற்றாண்டு என்று படித்துக்கொண்டு, பேரம்கூடப் பேசாமல் தூக்கி வந்துவிட்டேன். யார் செய்தது, எப்போது?

கூடவே 8 யூரோவுக்கு முட்டைக்கோஸ் இலை வடிவில் பச்சைக் கிண்ணம் ஒன்று. அதில் 'போர்ச்சுகல்' என்பதும் 1153 என்ற எண்ணும் மட்டும். அது ஆண்டா?

பீங்கான்பிரியை:
'வி.ஏ.' என்றால் விஸ்தா அலெக்ரே, போர்ச்சுகலின் பேர்பெற்ற பீங்கான் தொழிற்சாலை! உங்களுக்கு யோகம்தான்.

பழையகோப்பை:
பொறுங்கள். விஸ்தா அலெக்ரே தொடங்கியதே 1824இல். அவர்கள் பெயர் வாங்கியது போர்சலினில். தமிழில் எல்லாவற்றையும் பீங்கான் என்று சொல்லிவிடுகிறோம், குழப்பம் அங்கேதான். மெல்லிய போர்சலினை விளக்குக்கு முன் பிடித்தால் வெளிச்சம் கசியும். கோயிம்ப்ரா தட்டு ஃபயான்ஸ் வகை: களிமண்ணைச் சுட்டு, வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு கொடுத்து, அதன்மேல் தீட்டுவது. அந்த இரண்டெழுத்து பெரும்பாலும் தீட்டியவரின் பெயர்ச்சுருக்கம்.

'செக்.' என்றால் நூற்றாண்டுதான். ஆனால் அது தட்டின் வயது இல்லை, சித்திரத்தின் வயது. கோயிம்ப்ராப் பட்டறைகள் 20ஆம் நூற்றாண்டில் பழைய பாணிகளைப் பார்த்துத் தீட்டி, எந்தக் காலத்துப் பாணி என்று அடியில் எழுதி விற்றன. ஏமாற்று வேலை இல்லை. 1650இல் தட்டு தீட்டியவர் 'இது 17ஆம் நூற்றாண்டு' என்று எதற்கு எழுதப்போகிறார்? நாட்டின் பெயரும் அப்படித்தான். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் அது இருக்க வேண்டும் என்ற சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதிக்கோ சுற்றுலாப் பயணிக்கோ செய்த தட்டாக இருக்கலாம்.

மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். டார்ச் அடித்தால் வெளிச்சம் கசிகிறதா? பூச்சு உதிர்ந்த இடத்தில் மண் என்ன நிறம்? சூளையில் முக்காலி வைத்து அடுக்கிய மூன்று வடு எங்காவது தெரிகிறதா? அப்புறம், அடிவளையத்தில் ஓட்டை இருக்கிறதா?

லிஸ்பன்வாசி:
மூன்று என்று சொல்லி நான்கு கேட்டுவிட்டீர்கள். வெளிச்சம் கசியவில்லை. விளிம்பில் உதிர்ந்த இடத்தில் மண் மங்கிய மஞ்சள். வடு இல்லை. அடிவளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை.

பழையகோப்பை:
சரி, ஃபயான்ஸ்தான். 20ஆம் நூற்றாண்டு என்று தயங்காமல் சொல்வேன், பெரும்பாலும் அதன் பிற்பாதி. பட்டறைப் பெயர் எழுதாததால் 'கோயிம்ப்ரா வேலை' என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அசலைப் பார்க்க ஆசை என்றால் லிஸ்பனிலேயே பழங்கலைக்கான தேசிய அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சீனாவின் நீல வெள்ளைப் பீங்கானைப் பார்த்துச் செய்த 17ஆம் நூற்றாண்டு ஃபயான்ஸ் அங்கே இருக்கிறது.

கிண்ணத்து எண் ஆண்டு இல்லை, மாதிரியின் எண். கோஸ் இலை என்றதும் எல்லோரும் பொர்டாலோ பின்யேரு என்பார்கள். கேலிச்சித்திரக்காரர் ரஃபாயேல் பொர்டாலோ பின்யேரு 1884இல் கால்டாஸ் டா ரையின்யாவில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஆனால் அதே ஊரில் செக்லா என்ற தொழிற்சாலை உட்படப் பலரும் கோஸ் இலை செய்தார்கள். பெயர் பதிக்காத கிண்ணத்துக்கு நாமாகப் பெயர் சூட்ட வேண்டாம்.

பீங்கான்பிரியை:
நான் அவசரப்பட்டுவிட்டேன், மன்னிக்கவும். இதில் சாப்பிடலாமா?

பழையகோப்பை:
பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். புளிக்குழம்பு, ரசம், ஊறுகாய் எதையும் வைக்காதீர்கள், புளிப்பு ஈயத்தை இழுத்துவிடும். தோலோடு முழுப் பழம் வைத்தால் பரவாயில்லை. லிஸ்பன்வாசி, அந்த ஓட்டைகளுக்குள் பூச்சு இறங்கியிருக்கிறதா, வெறும் மண்ணா?

லிஸ்பன்வாசி:
உள்ளேயும் வழவழவென்று பூச்சு.

பழையகோப்பை:
அப்படியானால் சுடும் முன்பே போட்ட ஓட்டை, சுவரில் தொங்கவிடவே செய்த தட்டு. கம்பி கோத்து மாட்டுங்கள். ஆணியை மட்டும் ஆழமாக அடியுங்கள்.